வெள்ளை பூசிய ஜன்னல்

இப்போதெல்லாம் மனிதர்கள் கடைக்குப் பொருள் வாங்க வருவதில்லை, தங்களைப் பார்த்துக்கொள்ள வருகிறார்கள். என் கண்ணாடிக்கடை வாசலோரம் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெண்ணும் பையனும் அதன் முன்னால் வந்து நின்றார்கள். போனைத் தூக்கிப் பிடித்தார்கள், உதட்டைக் குவித்தார்கள், தலையைச் சாய்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். விலை என்ன என்று ஒரு மரியாதைக்குக்கூடக் கேட்கவில்லை. "சும்மா பாத்தோம் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான் அந்தப் பையன். சும்மா பார்க்க நான் என்ன குரங்கா கட்டி வைத்திருக்கிறேன்? இன்னொருவர் வந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. "அறைக்குள்ள ஒரு விசாலம் வேணும்" என்றார். விசாலம் என்ன தடிமனில் வேண்டும் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு பொருளை அதன் பேர் சொல்லிக் கேட்க ஆளில்லை. எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்க வேண்டும் இவர்களுக்கு. ஊரார்தானே, எனக்கென்ன என்று இருந்துவிடுவேன். ஆனால் பெற்ற மகளுக்கும் அதே நோய் தொற்றிக்கொண்டால் என்ன செய்வது?

அவள் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். வேலை போக மிச்ச நேரத்தில் கதை எழுதுவாள். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குத் தையல், இவளுக்கு இது என்று விட்டிருந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கடைப் பலகையும் கரண்ட் பில்லும் படிக்க அது போதும். கதை படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஒரு நாள் காலையில் என் மச்சினன் போன் செய்தான். செத்துப்போன என் மனைவிக்குத் தம்பி. அவள் போனதிலிருந்து அவன் என் வீட்டு வாசல் மிதித்ததில்லை. போன் வந்ததே எனக்கு ஆச்சரியம்.

"மாமா, உங்க பொண்ணு எழுதின கதையைப் படிச்சீங்களா?"

"இல்லையே. எதுக்கு?"

"படிங்க. நல்லா படிங்க. நான் சொன்னப்ப யாரும் நம்பல. அக்கா மேல இருக்கிற பாசத்துல உளர்றான்னாங்க. இப்ப பெத்த பொண்ணே எழுதிட்டா. நான் ஒன்னும் சொல்லப் போறதில்ல. நீங்களே படிச்சுக்குங்க."

சொல்லப் போறதில்லை என்பவன் இவ்வளவு சொல்லிவிட்டு வைத்தான்.

பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் அந்தப் பத்திரிகையை வாங்கி வந்தேன். வெட்டுமேஜை மேல் விரித்து, வரிக்குக் கீழே விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். முடிப்பதற்குள் மத்தியானம் போய்விட்டது.

கதையில் ஒரு மரக்கடைக்காரன். அவன் பெண்டாட்டி நோயில் படுத்துவிடுகிறாள். படுத்த இடத்திலிருந்து அவளுக்கு உலகம் என்று இருப்பது ஒரே ஒரு ஜன்னல். அதில் தெருவைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஒரு நாள் அந்த மரக்கடைக்காரன் வாளியில் வெள்ளையைக் கரைத்து எடுத்து வருகிறான். ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பூசிவிடுகிறான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சாகும்வரை அவள் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். 'வெளியே மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று' என்று கதை முடிகிறது.

மரக்கடை என்று எழுதிவிட்டால் ஆள் மாறிவிடுமா? அந்த வெள்ளையைப் பூசியது இந்தக் கைதான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். என் மனைவி பார்க்க நன்றாக இருப்பாள். அவள் தெருவில் போனால் தையல்கடைக்காரன் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி அந்தக் கடை முன்னால் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடப்பாள். அவளுக்குக் கன்னத்தில் கட்டி வந்தது. அறுத்தார்கள். அறுத்த இடம் குழியாகி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கட்டி மட்டும் போகவில்லை, உள்ளே இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என்னை மட்டும் கிட்டே கூப்பிட்டாள். "வீட்ல இருக்கிற கண்ணாடி எல்லாத்தையும் எடுத்துடுங்க. நான் சொன்னேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க, முக்கியமா தம்பிகிட்ட. சாகப் போறப்ப மூஞ்சியைப் பத்தி அழுதாள்னு பேர் வாங்க மாட்டேன்" என்றாள். கண்ணாடிக்கடைக்காரன் வீட்டில் கண்ணாடிக்கா பஞ்சம்? எல்லாவற்றையும் கழற்றிக் கடைக்குக் கொண்டு போனேன். உறவுக்காரர்கள் கேட்டபோது அவளே பதில் சொன்னாள். "கடையில சரக்கு இல்லையாம், வீட்ல இருந்ததையும் தூக்கிட்டுப் போயிட்டார். அவருக்குக் கடைதானே பெரிசு." நான் பக்கத்தில் மண்ணு மாதிரி நின்றேன்.

ஜன்னலை நான் யோசிக்கவில்லை. காலமெல்லாம் கண்ணாடியோடு குடித்தனம் நடத்துகிறவன், எனக்கே தோன்றவில்லை. வெளியே இருட்டி உள்ளே விளக்கைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடியும் முகம் காட்ட ஆரம்பித்துவிடும். அவள் கத்தவில்லை. போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டாள். திரை கட்டிப் பார்த்தேன், மின்விசிறிக் காற்றில் ஒதுங்கியது. ஜன்னலைத் திறந்து வைத்தால் கொசு. தடித்த துணியை ஆணி அடித்து மாட்டினால் பகலிலும் இருட்டாக இருக்கிறது, பாடையில் படுத்த மாதிரி இருக்கிறது என்றாள். எங்கள் தொழிலில் புதிதாக மாட்டின கண்ணாடியில் யாரும் முட்டிக்கொள்ளக் கூடாது என்று வெள்ளைப் பொடியைக் குழைத்துப் பெருக்கல் குறி போட்டு வைப்போம். அதே பொடியை வாளியில் கரைத்து ஜன்னல் முழுக்கப் பூசினேன். வெளிச்சம் வந்தது, முகம் வரவில்லை. "இப்ப சரி" என்றாள்.

மறுநாள் மச்சினன் வந்து பார்த்துவிட்டுக் குதித்தான். "எங்க அக்கா தெருவைக்கூடப் பாக்கக் கூடாதா? என்ன மனுஷன் நீங்க?" அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வெயில் அடிக்குதுன்னு பூசினேன்" என்றேன். அந்தப் பக்கம் வெயிலே வராது. அது அவனுக்கும் தெரியும்.

கதையைப் படித்து முடித்ததும் மகளுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா இது?"

"எதுப்பா?"

"ஜன்னல்."

"அது குறியீடுப்பா" என்றாள்.

"அப்படின்னா?"

"ஒன்னைச் சொல்லி இன்னொன்னைக் காட்டறது."

"என்னைச் சொல்லி எவனைக் காட்டற?"

"அப்பா, கோபப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை நூலகத்து மாடியில கூட்டம் இருக்கு. இந்தக் கதையைத்தான் பேசப் போறாங்க. அடுத்த மாசம் புத்தகமா வருது. வந்து கேளுங்க. உங்களைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"புத்தகமாவும் வருதா? அப்ப அந்த ஜன்னலை எடுத்துடு."

"ஜன்னலை எடுத்தா கதையே இல்லப்பா."

"அப்ப கதையை எடுத்துடு."

"நேர்ல வாங்க, பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

பத்திரிகை என்றால் பழைய பேப்பர்காரனோடு போய்விடும். புத்தகம் அப்படி இல்லை. நான் செத்த பிறகும் எவன் வீட்டு அலமாரியிலாவது உட்கார்ந்திருக்கும். என் மச்சினன் பத்துப் பிரதி வாங்கி வீட்டுக்கு வீடு கொடுப்பான். சாகக் கிடந்தவளின் ஜன்னலை அடைத்தவன் என்று நான் காலத்துக்கும் நிற்பேன். அச்சுக்குப் போவதற்குள் அதை எடுக்க வைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் போனேன், குறியீட்டுக்காகப் போகவில்லை.

நூலகத்து மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டது. மகள் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். அப்பா என்று யாருக்கும் சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிட்டயரான காலேஜ் வாத்தியார் ஒருவர் முதலில் எழுந்தார். நல்ல கனத்த குரல். "இந்தக் கதையில் வெள்ளை என்பது வெறும் நிறம் அல்ல. அது ஓர் அழிப்பு" என்றார். எல்லாரும் ஏதோ சாமி வந்த மாதிரி ஆடாமல் அசையாமல் கேட்டார்கள்.

தாடி வைத்த ஒருவன் எழுந்தான். "அழிப்புன்னு மட்டும் சொல்லிட முடியாது சார். அவன் அதிகாரத்தை ஒரு வாளியில கரைச்சு எடுத்துட்டு வர்றான். வாளியைக் கவனிங்க. வீட்டு வேலைக்கு அவ தூக்கின வாளி அது. அதையே அவளுக்கு எதிரா தூக்கறான்."

அது கடை வாளி. வீட்டு வாளி ஓட்டை.

"மரக்கடைங்கிறது எதேச்சையா வந்ததா?" என்று கேட்டாள் பெரிய பை வைத்திருந்த ஓர் அம்மா. "மரம்னா என்ன? பெட்டி. பெட்டின்னா?" என்று கையை விரித்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் கடைக்கு அடுத்த கடை மரக்கடை. கண்ணாடிக்கடை என்று எழுதக் கூசிப் பக்கத்துக் கடையை எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் போட்டு அடித்தார்கள். அவன் ஈரமில்லாதவன், அவன் பயந்தாங்கொள்ளி, அவன் தனியாள் இல்லை, அவன்தான் உலகம். தாடிக்காரன் கடைசியில் ஒன்று சொன்னான். "அவன் கெட்டவன்னா இவ்வளவு பயமா இருக்காது. நல்லது செய்யறோம்னு நினைச்சுத்தான் பூசியிருப்பான். அதான் என்னால தூங்க முடியல."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"அந்த வெள்ளை ஒட்டிக்கிட்டே இருக்காதுங்க. ஈரத்துணியால துடைச்சா போயிடும்."

எல்லாரும் திரும்பினார்கள். எவனாவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. வாத்தியார் முகம் மலர்ந்துபோனது. "பெரியவர் ரொம்ப முக்கியமான இடத்தைத் தொட்டிருக்கார். துடைச்சா போயிடும். கதையில அதைத் துடைக்க ஒருத்தரும் இல்லை. அவளும் துடைக்கச் சொல்லல, அவனும் துடைக்கட்டுமான்னு கேக்கல." பை வைத்திருந்த அம்மா அதை எழுதிக்கொண்டாள்.

உட்கார்ந்துவிட்டேன். பகலில் துடைத்துவிட்டுப் பொழுது சாயும்போது பூசியிருக்கலாம். கை வலிக்கிற வேலை இல்லை அது. அவள் தெருவைக் கேட்கவில்லை என்பது வாஸ்தவம். நான் கேட்டேனா என்றால், அதுவும் இல்லை. ஆனால் இதையெல்லாம் முகம் தெரியாத ஒரு வாத்தியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. கீழே இறங்கி, வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"பேசி முடிச்சாச்சா? என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்கன்ன. வேற எதைப் பேசினாங்க?"

"அவங்களுக்கு உங்களைத் தெரியாதுப்பா."

"உன் மாமனுக்குத் தெரியும்ல?"

அவள் தோள்பையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"சரி. உன் மேலயும் தப்பில்ல. நான் எதுக்குப் பூசினேன்னு உனக்குத் தெரியாது. தெரிஞ்சா எழுதியிருக்க மாட்ட. இப்ப சொல்றேன், கேட்டுக்க. உங்க அம்மா சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னா, இருந்தாலும்..."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"அம்மா மூஞ்சி அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பூசினீங்க. கண்ணாடியை எல்லாம் தூக்கிட்டுப் போனதும் அதுக்குத்தான்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி குடுத்தா அம்மா கண்ணை மூடிக்கிட்டுத்தான் குடிப்பாங்க. கொஞ்ச நாள் பாத்தேன். அப்புறம் பிளாஸ்டிக் டம்ளர் வாங்கிட்டு வந்தேன். கண்ணைத் திறந்து குடிச்சாங்க. அம்மாவும் ஒன்னும் கேக்கல, நானும் ஒன்னும் சொல்லல."

மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு மூலையில் அதே ஒன்றை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் துக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"தெரிஞ்சேவாடி எழுதின? தெரியாம எழுதியிருந்தா மன்னிச்சிருப்பேன்."

"தெரிஞ்சதாலதான் அப்படி எழுதினேன். நிஜத்தை எழுதியிருந்தா இவங்க எல்லாரும் எதைப் பாத்திருப்பாங்க? அம்மா கன்னத்தைத்தான். அந்தக் குழியை, அந்த வாயை. எதை மறைச்சுக்கிட்டே அம்மா போனாங்களோ, அதையே நான் அச்சடிச்சுப் பெட்டிக்கடையில தொங்க விடணுமா? கதை முழுக்க அந்தப் பொம்பளைக்கு மூஞ்சியே கிடையாது, பாத்தீங்களா? அவளுக்கு என்ன நோய்னுகூட இல்ல."

நான் விரல் வைத்துப் படித்தவன்தான், ஆனால் அதை நான் பார்க்கவில்லை. இருந்தாலும் விடவில்லை.

"அப்ப எழுதாமலே இருந்திருக்கலாம்ல? எழுதலன்னு யார் அழுதா?"

"நான் அழுதேன்ப்பா." குரல் உயரவில்லை. "ஆபீஸ்ல உக்காந்தா அந்த ரூம்தான். பஸ்ல ஏறினா அந்த ரூம்தான். எதையாவது சொன்னாத்தான் வெளிய வர முடியும்னு இருந்துச்சு. அம்மாவைச் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது நீங்கதான். அம்மாவும் அதைத்தானே செஞ்சாங்க? கேட்டவங்ககிட்ட எல்லாம் உங்க மேலதானே போட்டாங்க? நீங்க தாங்கிக்கிட்டீங்க. உங்களுக்குத் தாங்கும்னு நினைச்சேன்."

"தாங்கும்னு யார் சொன்னா உனக்கு?"

அவள் வண்டி ஒன்றின் சீட்டில் படிந்திருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டு நின்றாள். தலையில் நரை எட்டிப் பார்ப்பதைக் கவனித்தேன். அவளுக்கும் வயசாகிறது.

"மாத்தணும்னா மாத்திடறேன்" என்றாள். "இன்னும் அச்சுக்குப் போகல. ஒரே ஒரு வரி சேத்தா போதும். அவ முகம் அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு பூசினான். அவ்வளவுதான். மாமா படிச்சாலும் புரிஞ்சுப்பார். நீங்க சொல்லுங்க, இன்னைக்கே மாத்தறேன்."

எதைக் கேட்க வந்தேனோ அதைக் கையில் வைத்து நீட்டினாள். ஒரே வரி. மச்சினன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வருவான். வரட்டும், நிற்கட்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. பேச வாயைத் திறந்தேன். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. டீ குடித்துக்கொண்டு இன்னும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த நாற்காலிகளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த முகத்துக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்பார். கன்னம் வெறும் கன்னம் அல்ல என்பார் வாத்தியார். அந்தக் குழி எதைக் காட்டுகிறது என்று தாடி எழுந்து நிற்பான். பை வைத்திருக்கிற அம்மா எழுதிக்கொள்வாள். தையல்கடை முன்னால் மெதுவாக நடந்தவள் அவள்.

"வேணாம்" என்றேன்.

"நிஜமாவா?"

"இவங்க வாயில அவ கன்னம் விழ வேணாம். மரக்கடைக்காரனையே போட்டு மென்னுக்கிட்டு இருக்கட்டும்."

"மாமாகிட்டயாவது நான் பேசட்டுமா?"

"என்னன்னு பேசுவ? அவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் முக்கியமா சொன்னா. அவன்தான் சின்ன வயசுலேர்ந்து எங்க அக்கா மாதிரி அழகு உண்டான்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன். விடு. திட்டிக்கிட்டுப் போகட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க அம்மாவுக்காக செஞ்சதைத்தான்ப்பா நானும் செஞ்சிருக்கேன். நீங்க ஜன்னல்ல பூசினீங்க, நான்..."

"நிறுத்து. இதையும் குறியீடா ஆக்காத. நான் பூசினது ஜன்னல்ல. நீ பூசினது என் மூஞ்சியில."

சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு தோன்றியது. ஆனால் அது பொய்யில்லை. அவளும் மறுக்கவில்லை.

மாடியிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, "கோபமாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"பஸ் ஏத்தி விடறேன், இருங்க."

"எனக்கு வழி தெரியும். நீ உள்ள போ, தேடறாங்க."

நடந்தேன். அவள் அங்கேயே நிற்கிறாள் என்று தெரிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கதை அப்படியே வரட்டும் என்று சொல்லிவிட்டேன், அதில் மாற்றமில்லை. அவள் அம்மாவை நினைத்துத்தான் எழுதினாள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தியை மூட இன்னொருவனைத் திறந்து போடுவதற்குப் பெரிய பேர் ஒன்று வைத்து, மாடியில் நாற்காலி போட்டுக் கொண்டாடுகிறார்களே, அது மட்டும் எனக்கு எந்த வழியாகவும் ஏறவில்லை. சொல்ல முடியாததைச் சொல்லாமல் இருந்தால் போதாதா? வாத்தியாரைக் கேட்டால் அதற்கும் ஏதாவது சொல்வார். நிறுத்தத்தில் கூட்டமாக இருந்தது. நான் நிற்காமல், அடுத்த நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தேன்.